நின்ற உலக்கை

சூரிய கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் உலக்கையை வைத்தால், யாரும் பிடிக்காமலே அது நேராக நிற்கும். கிரகணம் விட்டதும் தானாகச் சாய்ந்துவிடும். திருச்சிப் பக்கம் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 2019 டிசம்பர் 26 காலை வளைய சூரிய கிரகணம் வந்தது. கோவை, கரூர், திருச்சி எல்லாம் அந்த வளையப் பாதைக்குள்ளேயே இருந்தன. அன்று என் போனுக்கு வந்த சூரியன் படங்களை விட உலக்கைப் படங்கள்தான் அதிகம். மஞ்சள் தடவிய உலக்கை, பூ வைத்த உலக்கை, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்ட குடும்பம். எல்லாப் படத்திலும் உலக்கை நின்றிருந்தது. அதில் பொய்யே இல்லை.

உலக்கையின் அடியில் பூண் போட்டிருப்பார்கள். அடிப்பாகம் தட்டையாக, கிட்டத்தட்ட இரண்டு அங்குல அகலம் இருக்கும். நாலரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அதன் புவிஈர்ப்பு மையம் இரண்டேகால் அடி உயரத்தில். கணக்குப் போட்டால், ஏறக்குறைய இரண்டு டிகிரிக்கு மேல் சாயாத வரை அது விழ வேண்டிய அவசியமே இல்லை. பொறுமையும் நடுங்காத கையும் இருந்தால் ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட நிறுத்தலாம். தண்ணீர் சும்மா அலங்காரம். 'கிரகணம் விட்டதும் விழுந்துவிட்டது' என்பதும் உண்மையாக இருக்கலாம். மூன்று மணி நேரம் கழித்து யாராவது தாம்பாளத்தை நகர்த்தியிருப்பார்கள்.

இதை வைத்துச் சிரிப்பது ரொம்ப சுலபம். எனக்கு அந்தச் சிரிப்பில் பெரிய ஆர்வம் இல்லை. உலக்கையை நிறுத்திய அந்த வீடுகளில் நடந்தது ஒரு சோதனை. அவர்களிடம் ஒரு கருதுகோள் இருந்தது, கருவி இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், முடிவைப் பதிவுகூட செய்தார்கள். ஒன்றே ஒன்றுதான் இல்லை: முந்தின நாள் யாரும் உலக்கையை நிறுத்திப் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண நாள் கிடையாது.

நான் வேலை செய்யும் மென்பொருள் உலகத்திலும் இந்த ஒன்று அடிக்கடி விட்டுப்போகும். சர்வர் தொங்கும், ஒருத்தர் ரீஸ்டார்ட் செய்வார், சரியாகிவிடும். அடுத்த வாரத்துக்குள் 'திங்கட்கிழமை காலையில் ஒரு ரீஸ்டார்ட் போட்டுடுங்க' என்பது சடங்காகிவிடும். ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெப்ளாய் பண்ணக்கூடாது என்பது எங்கள் ராகுகாலம். (அதற்கு நியாயமான காரணம் உண்டு, சனிக்கிழமை ஆள் கிடைக்காது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அந்தக் காரணத்தை யாரும் சொல்வதில்லை. விலக்கு மட்டும் போய்ச் சேர்கிறது.)

*

கார்ல் பாப்பரைப் படித்த எல்லோருக்கும் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் கைவசம் இருக்கும்: எது தவறென்று நிரூபிக்கப்பட வாய்ப்புள்ளதோ அதுவே அறிவியல். 1934-இல் அவர் எழுதிய புத்தகம் முதல் இன்று வரை பகுத்தறிவு மேடைகளில் அதிகம் புழங்கும் அளவுகோல் இதுதான். இதன்படி உலக்கை விஷயம் அறிவியலாகக்கூட ஆகிவிடும். சாதாரண நாளில் நிறுத்திக் காட்டினால் தவறென்று நிரூபித்தாயிற்று, கதை முடிந்தது.

நிஜத்தில் அப்படி முடிவதில்லை. சாதாரண நாளில் நீங்கள் உலக்கையை நிறுத்திக் காட்டினால் எதிர்வீட்டு அத்தை சொல்வார்: "அது நீ புடிச்சு நிறுத்தினது. கிரகணத்தன்னிக்கு அதுவா நிக்கும்." இன்னொருவர், "இன்னைக்கு அமாவாசைக்கு மறுநாள்தானே, அந்த இழுப்பு இன்னும் இருக்கும்" என்பார். கருதுகோளைச் சுற்றி ஒரு வேலி முளைத்துவிடும். பிரான்சின் இயற்பியலாளர் பியர் டூஹெம், பாப்பருக்கு முன்பே, 1906-இல் இதைச் சொல்லிவிட்டார். எந்தச் சோதனையும் ஒரு கருதுகோளைத் தனியாகச் சோதிப்பதில்லை, அதோடு சேர்ந்த பல துணை நம்பிக்கைகளையும் சேர்த்தே சோதிக்கிறது. முடிவு தப்பாக வந்தால் எதைக் கைவிடுவது என்பதைச் சோதனை சொல்லாது.

அத்தை செய்வதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்கு முன்னால், விஞ்ஞானிகளும் அதையே செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்குப்படி நகரவில்லை. உடனே நியூட்டன் தவறு என்று முடிவுகட்டிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்றார் லெவெரியே. வேலி போட்டார் என்றே சொல்லலாம். 1846 செப்டம்பரில் அவர் சொன்ன இடத்தில், ஒரு டிகிரிக்குள், பெர்லினில் நெப்டியூனைக் கண்டுபிடித்தார்கள். அதே லெவெரியே பின்னாளில் புதன் கோளின் பாதை பிசகுவதற்கும் அதே விளக்கத்தைச் சொன்னார்: சூரியனுக்குப் பக்கத்தில் 'வல்கன்' என்று ஒரு கோள் இருக்கிறது. தேடினார்கள், பார்த்தேன் என்று சிலர் சத்தியமும் செய்தார்கள். அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டீன் வந்து, இந்த முறை நியூட்டனைத்தான் மாற்ற வேண்டும் என்று காட்டினார்.

ஒரே ஆள், ஒரே உத்தி. ஒரு முறை மாபெரும் வெற்றி, இன்னொரு முறை வெறும் காற்று. போட்ட வேலியை மட்டும் பார்த்தால் லெவெரியேவுக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும் வித்தியாசம் தெரியாது. வேலி போட்ட பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் தெரியும். லெவெரியே தான் சொன்ன கோள் எங்கே இருக்கும் என்று இடம் குறித்துக் கொடுத்தார். அவரைப் பிடிக்காதவர்களும் போய்ப் பார்க்கலாம். இல்லையென்றால் இல்லை என்று அச்சில் போடலாம், அப்படிப் போட்டவர்களுக்குப் பெயரும் கிடைத்தது. அத்தையின் வேலிக்கு அப்படி முகவரி எதுவும் கிடையாது. அதனால் அறிவியலை ஒரு தனி மூளை யோசிக்கும் விதம் என்று சொல்வது எனக்குப் பாதி உண்மையாகவே படுகிறது. ஒரு கூட்டம் தன் தவறுகளோடு எப்படி நடந்துகொள்கிறது என்பது மீதிப் பாதி.

*

உலக்கையை விடுங்கள். கிரகணம் எத்தனை மணிக்கு வரும் என்று சொன்னதே, அந்தப் பஞ்சாங்கம்தான் இன்னும் சுவாரசியம்.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை இருக்கிறது. இந்த ஊரில் அறிவியலும் சமூகமும் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே அந்தக் கோபுரம், அந்தச் சிலை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். பஞ்சாங்கம் இரண்டிலும் சேராது. அது அறிவியலா, மதமா? கோள்களின் இருப்பிடம் அதில் எண்களாக இருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே பல்லி விழும் பலன் இருக்கிறது. ஒரே அட்டை, ஒரே விலை.

நம் பஞ்சாங்கக் கணக்கின் திறமை சாதாரணமானது இல்லை. 1769-இல் சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரியில் காத்திருந்தார் லெ ஜென்டீல் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761-இல் நடந்த முதல் கடப்பின்போது போர் காரணமாக நடுக்கடலில் மாட்டிக்கொண்டவர். எட்டு வருஷம் காத்திருந்து, அந்த நாளும் வந்தது. காலையில் மேகம் மூடிவிட்டது. (ஊருக்குத் திரும்பினால் அவர் செத்துவிட்டதாக முடிவு செய்து சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். அந்த மனிதரைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதலாம்.) அந்தக் காத்திருப்பில் அவர் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்குப் போடும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-இல் நடந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கில் போட்டால் 41 நொடி குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணைகளான டோபியாஸ் மேயருடையவற்றை வைத்துப் போட்டால் 68 நொடி அதிகமாக வந்தது. ஒரு கிரகணத்தை வைத்து மொத்தத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் லெ ஜென்டீல் அசந்துபோனதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த சாட்சி ஜான் வாரன். 1825-இல் சென்னையில் 'கால சங்கலித' என்ற பெரிய புத்தகத்தை வெளியிட்டவர். பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, எழுதிவைத்த ஒரு குறிப்பும் இல்லாமல், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை மட்டும் வைத்து அவருக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். 1825 மே 31 இரவுக் கிரகணம் அது. தொடக்க நேரத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் தவறு. சோழியும் ஞாபகமும் மட்டும் வைத்து இவ்வளவு நெருக்கமாக வந்தது எனக்கு இன்றும் மலைப்புதான். அதே சமயம் வாரன் இன்னொன்றையும் பதிவு செய்கிறார்: அந்தக் கணக்கின் பின்னால் இருக்கும் வானியல் கோட்பாடு அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

அந்த வாக்கியங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் ஒரு புரோகிராமருக்கு உடனே பிடித்துப்போகும். சந்திரன் பூமிக்கு அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர ஏறக்குறைய 27.55 நாள். அப்படி ஒன்பது சுற்று என்றால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்குச் சந்திரன் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று ஒரு முறை கணக்கிட்டு வைத்துவிட்டால் போதும், அப்புறம் திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தலாம். ஒவ்வொரு எண்ணையும் எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் ஒரு சின்ன வாக்கியமாக்கி மனப்பாடம் செய்தார்கள். வரருசி செய்ததாக மரபு. 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயர் இதிலிருந்துதான் வந்தது. எங்கள் பாஷையில் லுக்அப் டேபிள். கஷ்டமான கணக்கை ஒரே தடவை செய்து விடையைச் சேமித்துவிடு, வேண்டும்போது எடுத்துக்கொள்.

ஆனால் லுக்அப் டேபிளுக்கு ஒரு குணம் உண்டு. அது ஏன் சரி என்று அதற்கே தெரியாது. அதனால் எப்போது தப்பாகப் போகிறது என்பதும் தெரியாது. 248 நாள் என்பது மிகச் சரியான எண் இல்லை, மிக நெருக்கமான எண். நூற்றாண்டுகள் போகப்போக அந்தத் துளி சேரும். கோட்பாடு தெரிந்தவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். கேரளத்தில் மாதவன் போன்றவர்கள் அப்படித் திருத்தினார்கள். திருத்த ஆளில்லாத இடத்தில் வாக்கியம் வாக்கியமாகவே நின்றது. சொல்வது சரியாக இருந்தால் போதும், ஏன் என்று எதற்கு என்று கேட்பவர்கள் அறிவியல் தத்துவத்தில் பலமான ஒரு கட்சி. இன்று செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பற்றியும் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இதே விவாதம்தான். நான் அந்தக் கட்சிக்கு எதிரி இல்லை. ஆனால் சோழி உருட்டியவரின் 52 நிமிடம் எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கும்.

*

வாக்கியத்துக்குப் போட்டியாக வந்தது திருக்கணிதம், நவீனக் கணக்குகளின்படி கோள்களின் நிலையைப் போடுவது. இரண்டும் இன்றும் கடைகளில் அருகருகே கிடைக்கின்றன. சனிப்பெயர்ச்சியில்தான் சண்டை வெளியே தெரியும். சனி கும்ப ராசிக்குள் நுழைந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம்! திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே பெருங்கூட்டம் டிசம்பரில். அடுத்த பெயர்ச்சியிலும் இதே கதை. திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது. கோயில் நிர்வாகம், இல்லை, எங்கள் கணக்கில் 2026-இல்தான் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

இங்கே இருப்பது மிக அழகான, செலவே இல்லாத ஒரு சோதனை. சனி உண்மையில் எங்கே இருக்கிறது என்பது ரகசியம் இல்லை. வெறும் கண்ணுக்கே தெரியும் கோள். 2023 டிசம்பர் 20 சாயங்காலம், வாக்கியக் கணக்கின்படி சனி அப்போதுதான் கும்பத்தின் வாசலில் கால் வைக்கிறது. திருக்கணிதப்படி அது ஏற்கெனவே எட்டு ஒன்பது டிகிரி உள்ளே போயாயிற்று. கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் வானத்தில் மறையும் அகலம் சுமார் பத்து டிகிரி. அதாவது இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு முஷ்டி தூரம். கொள்ளிடக் கரையில் நின்று மேற்கே பார்த்து, தெரிந்த நட்சத்திரங்களை வைத்து அளந்துவிடலாம். ராசியின் எல்லைக்கோடு வானத்தில் வரையப்பட்டதில்லை, அது நாம் எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது என்று ஒருவர் வாதாடலாம். நியாயம்தான். ஆனால் தொடக்கப் புள்ளி பற்றிய சண்டை ஒரு முஷ்டி அளவுக்குப் போகாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை ஏழரை யாரைப் பிடித்திருந்தது? இரண்டு தரப்பிலும் 'அப்படியே நடந்துச்சு சார்' என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். இரண்டு தேதிக்கும் பலன் பலித்தது என்றால் அந்தப் பலன் தேதியைச் சார்ந்ததே இல்லை.

கிரகணத்தில் மட்டும் இந்தச் சண்டை அடங்கிவிடுகிறது. மற்றதெல்லாம் வாக்கியமாக இருந்தாலும் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் பஞ்சாங்கங்கள் உண்டு. ஏனென்றால் கிரகணம் தப்பாக வந்தால் தெருவே பார்த்துவிடும். ஒரு சமூகத்தில் அறிவு எங்கே திருத்தப்படுகிறது, எங்கே திருத்தப்படுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் திருத்தம் நடக்கிறது. கண் படாத இடத்தில், அந்த நேரச் சுத்தத்தால் சம்பாதித்த மரியாதையை வைத்தே காலம் ஓடுகிறது.

ஆனால் வானத்தோடு பொருந்தாத எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்ரீரங்கத்திலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021-இல் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறந்தது டிசம்பர் 14, கார்த்திகை மாதம். மற்ற கோயில்களில் 2022 ஜனவரி 13, மார்கழி. காரணம், ஏகாதசியிலிருந்து பத்து நாள் ராப்பத்து நடக்க வேண்டும், தையில் புனர்பூசத்தன்று தேர் ஓட வேண்டும். மார்கழி ஏகாதசி மாதக் கடைசியில் விழுந்தால் இரண்டு விழாவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் ஏகாதசியை ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். 19 வருஷத்துக்கு ஒரு முறை இப்படி வரும் என்பார்கள். 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் கிட்டத்தட்டச் சமம், கிரேக்கர்கள் மெட்டானின் பெயரால் சொல்லும் சுழற்சி. 2002 டிசம்பர் 4, 2021 டிசம்பர் 4 இரண்டு நாளிலும் அமாவாசை, இரண்டிலும் உலகில் எங்கோ முழு சூரிய கிரகணம்.

வானம் மாறிவிட்டது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 'எங்களுக்கு இப்படி வசதி, இப்படி வைத்துக்கொண்டோம்' என்கிறார்கள். இது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் சரி, தவறு கிடையாது. சனி இருக்கும் இடம் ஒப்பந்தம் இல்லை.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில் அறிவியல் பக்கமும் அடிபட்டிருக்கிறது. 1952-இல் மேக்நாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைத்தார்கள். நம் பஞ்சாங்கங்கள் பருவங்களோடு ஒத்துப்போகவில்லை, சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 வாக்கில், நாம் உத்தராயணம் கொண்டாடுவது ஜனவரி 14 என்று குழு சரியாகவே சுட்டிக்காட்டியது. 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டுத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழின் தலைப்பில் அது இன்னும் இருக்கிறது. இன்று சக ஆண்டில் என்ன தேதி என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. பொங்கல் என்றைக்கு என்பது பெரும்பாலும் ஒப்பந்த விஷயம். அதை வானியல் பிழையாக மட்டும் பார்த்த குழுவை மக்கள் எதிர்க்கக்கூட இல்லை, கண்டுகொள்ளவில்லை.

கதையின் மிச்சம் இன்னும் வேடிக்கை. அதே குழு, ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளிக்கு ஒரு அளவை நிர்ணயித்தது. 1956 மார்ச் 21 அன்று அயனாம்சம் 23 டிகிரி 15 கலை. குழுவின் செயலர் என். சி. லாஹிரி. இன்று ஜாதகம் பார்க்கும் ஆப் எதைத் திறந்தாலும் செட்டிங்ஸில் பெரும்பாலும் முதலில் இருப்பது 'லாஹிரி அயனாம்சம்'. சாஹாவின் நாட்காட்டியை யாரும் தொடவில்லை, அதன் உபரியை எடுத்துக்கொண்டு ஜோதிடர்கள் போய்விட்டார்கள். அந்த ஆப்களில் பலவற்றின் உள்ளே ஓடுவது 'ஸ்விஸ் எபிமெரிஸ்' என்ற மென்பொருள். அதன் கோள் கணக்குகளுக்கு அடிப்படை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் விண்கலங்களை ஓட்டுவதற்காகத் தயாரித்த தரவுகள். ஆக, உங்கள் கல்யாணப் பொருத்தத்தில் செவ்வாய் இருக்கும் இடம் செவ்வாய்க்குக் கலம் அனுப்புகிற அதே துல்லியத்தில் இருக்கிறது. எண் வரைக்கும் அறிவியல். எண்ணுக்கு அடுத்த வரியில் என்ன எழுதலாம் என்பதை நாசா கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

*

2019 கிரகணத்தன்று எங்கள் வீட்டில் இந்த அடுத்த வரிதான் பிரச்சினை. அக்காவுக்கு ஏழாம் மாதம். திருவானைக்காவலில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். (சி. வி. ராமன் 1888-இல் பிறந்த ஊர். அதைச் சொன்னால் வாதத்தில் மார்க் கிடைக்கும் என்று நினைத்துச் சொல்லியும் பார்த்தேன். பாட்டி, "அவங்க அம்மாவும் கிரகணத்துக்கு உள்ளதான் இருந்திருப்பா" என்றார்.) அக்காவின் மாமியார் முந்தின நாளே போன் செய்து சொல்லிவிட்டார்: எட்டு மணியிலிருந்து பதினொன்றேகால் வரை இருட்டறையில் இருக்க வேண்டும், சாப்பாடு கூடாது, தண்ணீர்கூட கூடாது. அக்காவுக்கு அப்போது சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தது. வேளைக்குச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா சொன்ன வாதம் எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. "எத்தனை மணிக்கு புடிக்கும், எத்தனை மணிக்கு விடும்னு நிமிஷக் கணக்கா சொல்றாங்கல்ல? அது சரியா வருதுல்ல? அவங்க சொல்ற இன்னொண்ண மட்டும் எப்படிடா பொய்யினு சொல்வே?"

இது முட்டாள்தனமான வாதம் இல்லை. நாம் எல்லோரும் நாள் முழுக்கச் செய்வது இதுதான். ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்கு ஆபத்தில்லை என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை, மருத்துவர் சொன்னார், அவர் சொன்ன மற்றவை சரியாக இருந்தன, நம்பினேன். கிரகணம் பார்க்க நான் வாங்கியிருந்த அட்டைக் கண்ணாடியில் ஒரு தரச்சான்று எண் அச்சாகியிருந்தது. அதை நம்பித்தான் சூரியனையே பார்க்கப் போகிறேன். பூமி சுற்றுவதையே நம்மில் எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்? 'நாங்கள் ஆதாரத்தை நம்புகிறோம், அவர்கள் ஆளை நம்புகிறார்கள்' என்று பிரிக்கவே முடியாது. எல்லோரும் ஆளைத்தான் நம்புகிறோம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசியலமைப்பில் 51ஏ பிரிவில் சேர்த்தார்கள். ஒரு குடிமகன் தன் ஆயுளில் தானே சோதிக்கக்கூடியது எவ்வளவு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. போதாததற்கு, 1980 பிப்ரவரியில் முழு கிரகணம் வந்தபோது கண் கெட்டுவிடும் என்று மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னவர்கள் ஜோதிடர்கள் மட்டும் இல்லை. தூர்தர்ஷன் அந்த நேரத்துக்குச் சினிமாவே போட்டது.

அப்படியானால் அம்மாவுக்கு என்ன பதில்? நேரத்தைக் கணித்த கணக்குக்கும் கர்ப்பிணிக்குத் தண்ணீர் கூடாது என்ற விதிக்கும் நடுவில் ஒரு கம்பிகூட ஓடவில்லை. முதலாவது தவறினால் ஊருக்கே தெரியும், தவறியபோதெல்லாம் திருத்தியிருக்கிறார்கள். இரண்டாவது தவறா என்று பார்க்க யாரும் என்றைக்கும் உட்காரவில்லை, உட்கார்ந்தவருக்குக் கூலியும் கிடையாது. ஒரு ஆள் ஒரு விஷயத்தில் சம்பாதித்த நம்பிக்கையை இன்னொரு விஷயத்தில் செலவழிக்கலாமா என்பதை, அந்த இரண்டாவது விஷயத்தில் அவர் எப்போதாவது மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்ததா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜோதிடருக்கு மட்டுமில்லை, டிவி விவாதத்தில் தன் துறை அல்லாததைப் பேசும் விஞ்ஞானிக்கும் இதே அளவுகோல்தான்.

இன்னொன்றும் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். உலக்கை நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பெயர்ச்சி ஜனவரியா டிசம்பரா என்பதில் பரிகாரச் செலவோடு போயிற்று. ஆனால் இருட்டறை விதிக்கு விலை கொடுப்பது விதித்தவர் இல்லை. சர்க்கரையோடு மூன்று மணி நேரம் பட்டினி உட்கார வேண்டியவள் அக்கா. குழந்தைக்கு ஏதாவது என்றால் பழி விழுவதும் அவள் மேல்தான்: 'அன்னிக்கு ஜன்னல் வழியா பார்த்தால்ல?' யார் விலை கொடுக்கிறார்களோ அவர்களிடம்தான் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். 'எதுக்கு ரிஸ்க்' என்ற வார்த்தையை நம் வீடுகளில் எப்போதும் விலை கொடுக்காதவர்களே சொல்கிறார்கள்.

இதையெல்லாம் நான் இப்படிக் கோர்வையாக அன்று சொல்லவில்லை. காலை ஏழரைக்கு யாரும் இவ்வளவு கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அக்காவே தன் மருத்துவருக்குப் போன் போட்டாள். நேராகச் சூரியனைப் பார்க்காதே, அது எல்லோருக்கும்தான், மற்றபடி வேளைக்குச் சாப்பிடு என்றார். எட்டரைக்கு இட்லி சாப்பிட்டாள். பாட்டி பேசவில்லை. அம்மா தட்டைக் கழுவிவைத்துவிட்டு ஒரு தர்ப்பைப் புல்லை மட்டும் தண்ணீர்க் குடத்தில் போட்டார். அதை நான் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் விலை இல்லை.

ஒன்பது மணிக்கு மேல் மேகம் விலகியபோது சமையலறையிலிருந்து பூந்தி போடும் ஜல்லிக் கரண்டியை எடுத்துவந்து முற்றத்தில் உயரப் பிடித்தேன். ஒவ்வொரு துளையும் ஒரு குட்டி கேமரா. தரையில் ஒளி வட்டமாக விழாமல் ஐம்பது அறுபது பிறைகளாக விழுந்தது. அக்கா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். ஒன்பதரை வாக்கில் பிறைகள் எல்லாம் ஒன்றுசேர வளையங்களாகின. சில நிமிடங்கள்தான். மறுபடி பிறை, இந்த முறை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பவும் இப்படித்தான் விழுமா, இன்னைக்கு மட்டுமா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மழைமேகம் மாதிரி ஒன்று வந்து மூடிவிட்டது. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் சத்தம் கேட்டது. அம்மா ஜல்லிக் கரண்டியை வெயிலில் பிடித்துக்கொண்டு, மேலே தூக்கியும் கீழே இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தார்.